ஸ்டாக் கார் என்றால் பங்குக் காரா?

அமெரிக்கக் கார்ப் பந்தயங்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ‘பங்குக் கார்ப் பந்தயம்’ என்று எழுதுவதைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. பங்குச்சந்தைக்கும் அந்தக் காருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஸ்டாக் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பழைய பொருள் அடிமரம், கட்டை. அதிலிருந்து கிளைத்த பொருள்களில் ஒன்று, கடையில் விற்பனைக்கு வைத்திருக்கும் சரக்கு. யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கக்கூடிய காரைக் கைவைக்காமல் அப்படியே பந்தயத்தில் ஓட்டினால் அது ஸ்டாக் கார். அவ்வளவுதான்.

பங்கையாவது அறியாமை என்று விட்டுவிடலாம். தனித்தமிழ் அன்பர்கள் சிலர் சொல்லும் ‘இருப்பு மகிழுந்து’தான் எனக்குப் பொறுக்கவில்லை. இருப்புப்பாதை என்றால் இரும்புப் பாதை. அந்தப் பழக்கத்தில் இதையும் இரும்பு வண்டி என்றே வாசிப்பார்கள். சரக்கிருப்பு என்றே பொருள் கொண்டாலும், விற்காமல் கிடங்கில் தூசு படிந்து நிற்கும் வண்டிதான் கண்முன் வரும். வண்டி ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கிறதா என்பதல்லவா இங்கே கேள்வி? 1949 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில், ஸ்டாக் கார்ப் பந்தயங்களை நடத்தும் அமைப்பான நாஸ்கார், ‘கண்டிப்பான ஸ்டாக்’ என்ற பிரிவின் முதல் பந்தயத்தை நடத்தியது. முதலில் வந்த கிளென் டன்அவே தகுதி நீக்கம் செய்யப்பட்டார். கள்ளச்சாராயம் கடத்துவதற்காகப் பின்பக்க ஸ்பிரிங்கில் கைவைத்திருந்த கார் அது. பரிசு ஜிம் ரோப்பருக்குப் போனது. ஒரு ஸ்பிரிங்குக்காக வெற்றியையே பறித்த அந்தக் கண்டிப்பு ‘இருப்பு’ என்ற சொல்லில் எங்கே இருக்கிறது?

‘சரக்குக் கார்’ என்பாரும் உண்டு. லாரியை நினைவூட்டும் பெயர். ஆனால் கள்ளச்சாராயக் கதையைப் பார்த்தால், தெரியாமலே உண்மையைத் தொட்டுவிட்டார்கள்! அட்லாண்டாவின் லேக்வுட் பொருட்காட்சித் திடலில் 1941 செப்டம்பர் 1 அன்று, தொழிலாளர் தின விடுமுறைப் பந்தயத்தில் வென்றவர் லாய்ட் சீ. சாராயம் கடத்துவதில் பேர்போன ஓட்டுநர். மறுநாளே, காய்ச்சுவதற்கு வாங்கிய சர்க்கரையின் கணக்கில் மூண்ட தகராறில் உறவினர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 21. டாசன்வில்லில் உள்ள அவருடைய கல்லறைக் கல்லில் ஃபோர்டு கார் ஒன்றைப் புடைப்பாகச் செதுக்கி, அதன் ஜன்னலில் அவர் படத்தைப் பதித்திருக்கிறார்கள்.

என் தேர்வு ‘பொதுவிற்பனைக் கார்’. நீளம்தான், ஆனால் படித்ததும் புரியும். இன்றைய நாஸ்கார் கார்களைப் பந்தயத்துக்கென்றே தனியாகக் கட்டுகிறார்களே, அவை எந்தக் கடையிலும் கிடைக்காதே என்று மறுப்பவர்கள், எள்ளே சேராத தேங்காய் எண்ணெயை என்ன பெயர் சொல்லி வாங்குகிறார்கள்?

காரோடு போயிற்றா என்றால் அதுவும் இல்லை. பந்தயம் நடந்த ஃபேர்கிரவுண்டை ‘நியாய மைதானம்’ ஆக்கியவர்களையும் பார்த்தாயிற்று. அது கால்நடையும் விளைச்சலும் காட்சிக்கு வரும் பொருட்காட்சித் திடல். குதிரைப் பந்தயத்துக்காக அரை மைல், ஒரு மைல் மண் ஓடுபாதையும் பார்வையாளர் மேடையும் பல திடல்களில் முன்பே இருந்ததால்தான் கார்களும் அங்கே வந்து சேர்ந்தன. அமெரிக்கத் தொழிலாளர் தினத்தை ‘மே தினம்’ என்று பெயர்க்கிறவர்களை என்ன செய்வது? அங்கே அது செப்டம்பரின் முதல் திங்கட்கிழமை.