கணக்கேட்டைக் கிளவுடுக்கு மாற்றும் முன்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கோடைகாலத்து இரவு பத்து மணி என்றால் சென்னையில் எங்களுக்குக் காலை ஏழரை. அன்றைய வரவுசெலவு முழுவதையும் திரட்டிக்கொண்டு நாங்கள் கவனிக்கும் அமெரிக்க வங்கியின் 'பேட்ச்', அதாவது இரவில் மொத்தமாக ஓடும் கணக்கு வேலைகள், ஓடத் தொடங்கும் நேரம் அது. வட்டி கணக்கிடுவது, காசோலை கிளியரிங், கடன் தவணை பிடிப்பது என்று ஆயிரக்கணக்கான ஜாப்கள் (தனித்தனி வேலைகள்) ஒன்றன்பின் ஒன்றாக ஓடி, அங்கே பொழுது விடிவதற்குள் முடிந்தாக வேண்டும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஓட்டத்தைக் கவனிப்பதுதான் என் பிழைப்பு. சில ஆண்டுகளாக, இதே வேலைகளை மெயின்பிரேம் என்ற பெரிய மையக் கணினியிலிருந்து பொது கிளவுடுக்கு, அதாவது வேறொரு நிறுவனம் இணையம் வழியே வாடகைக்குத் தரும் கணினிகளுக்கு, மாற்றும் குழுக்களிலும் இருந்து வருகிறேன்.

புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "இன்னுமா சார் அந்தப் பழைய இயந்திரம்?" என்பதுதான். இயந்திரம் பழையது அல்ல. ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/360-ஐ அறிவித்தது 1964 ஏப்ரலில்; அதே வரிசையில் வந்த இசட்17 அறிவிக்கப்பட்டது 2025-இல். பழையது அதன்மேல் ஓடும் நிரல்தான். நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கோபோல் மொழியில் எழுதியது, திருத்தத்துக்கு மேல் திருத்தம் கண்டு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. வங்கியின் விதிகள் பல எந்தக் கையேட்டிலும் இல்லை. அந்த நிரலுக்குள் மட்டுமே இருக்கின்றன.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு சென்ட், டாலரில் நூறில் ஒரு பங்கு. நான் பணியாற்றிய ஒரு வங்கியில் சேமிப்புக் கணக்குகளின் வட்டியைப் பழைய அமைப்பிலும் புதிய அமைப்பிலும் இணையாக ஓட்டி ஒப்பிட்டோம். பெரும்பாலான கணக்குகள் பொருந்தின. சிலவற்றில் மட்டும் ஒரு சென்ட் கூடுதல். வட்டி விகிதத்தைப் பார்த்தோம், நாள் எண்ணிக்கையைப் பார்த்தோம், எல்லாம் சரி. மூன்றாவது வாரத்தில்தான் காரணம் பிடிபட்டது. பழைய நிரல் ஒவ்வொரு நாள் வட்டியையும் தசமத்துக்குப் பின் நான்கு இலக்கத்தோடு வெட்டிவிட்டு, மிச்சத்தை விட்டுவிடும். கோபோலில் 'முழுமையாக்கு' (மிச்சத்தைப் பார்த்துக் கிட்டிய இலக்கத்துக்குக் கொண்டுபோ) என்று தனியே சொல்லாவிட்டால் அப்படித்தான் நடக்கும். புதிய நிரலோ எல்லா இலக்கங்களையும் வைத்திருந்து மாதக் கடைசியில் முழுமையாக்கியது.

எங்கள் குழுவில் ஓர் இளைஞர், "புதியதுதானே துல்லியம், அப்படியே விட்டுவிடலாமே" என்றார். துல்லியம்தான். ஆனால் பல்லாண்டுகளாக வாடிக்கையாளருக்கு அச்சிட்டுக் கொடுத்த அறிக்கைகளும் வரித்துறைக்குப் போன கணக்கும் பழைய முறையில் அமைந்தவை. முறையை மாற்றுவது என்பது வங்கி ஒப்புதல் தந்து, எழுத்தில் வைத்து, வாடிக்கையாளருக்குத் தெரிவித்துச் செய்ய வேண்டிய முடிவு. நிரலாளர் ஒருவர் போகிற போக்கில் செய்துவிடக் கூடாது. கடைசியில் பழைய முறையையே புதிய நிரலிலும் எழுதினோம்.

இன்னொன்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது: சாக்-7 என்ற பிழை. எண் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடமோ குப்பையோ இருந்து, அதைக் கூட்டப் போனால் மெயின்பிரேம் ஜாப் அப்படியே நின்றுவிடும். நள்ளிரவில் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் அந்தப் பிழையை நான் எத்தனையோ முறை சபித்திருக்கிறேன். இப்போது அதை மதிக்கிறேன். மெயின்பிரேமிலிருந்து மாற்றும் ஒரு பணியில், தரவை மாற்றிய கருவி வெற்றிடங்களைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிட்டது. எந்த ஜாப்பும் நிற்கவில்லை. எல்லாம் பச்சை விளக்கு. தவறான மொத்தம் மட்டும் அடுத்தடுத்த கோப்புகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் சந்தேகம் வந்தால் நின்றுவிடுகிற இயந்திரம்தான் நல்லது.

எழுத்துகளை வரிசைப்படுத்துவதில்கூட வேறுபாடு உண்டு. மெயின்பிரேமில் எழுத்துகள் முன்னே, எண்கள் பின்னே. மற்ற கணினிகளில் எண்கள் முன்னே. இரண்டு கோப்புகளை வரிசைப்படி ஒப்பிட்டுச் சேர்க்கும் நிரல் இதை அறியாமல் ஓடினால், பொருந்த வேண்டிய பதிவுகள் பொருந்தாமல் போகும்.

அடுத்தது தூரம். நிரலை கிளவுடுக்கு மாற்றிவிட்டு, தரவுத்தளத்தை மெயின்பிரேமிலேயே விட்டுவைப்பது பல வங்கிகள் தொடக்கத்தில் எடுக்கும் வழி. முன்பு ஒரே இயந்திரத்துக்குள் நடந்த கேள்வி பதில், இப்போது கம்பி வழியாகப் போய்வர வேண்டும். ஒரு முறைக்கு ஐந்து மில்லி விநாடி என்று வையுங்கள். செல்பேசிச் செயலியில் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு ஜாப் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு கோடி முறை கேட்டால் 50,000 விநாடி. ஏறக்குறைய 14 மணி நேரம். இரவில் நமக்குக் கிடைப்பது ஆறு மணி நேரம்தான்.

மெயின்பிரேமில் இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்ல வரவில்லை. 2012 ஜூனில் பிரிட்டனின் ஆர்பிஎஸ் (ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து) வங்கிக் குழுமத்தில், ஜாப்களை வரிசையாக ஓட்டும் மென்பொருளை மேம்படுத்தப் போய் 65 லட்சம் வாடிக்கையாளர் பாதிக்கப்பட்டார்கள். 2014-இல் 5.6 கோடி பவுண்டு அபராதம். இயந்திரம் நன்றாகத்தான் இருந்தது.

பிரிட்டனின் இன்னொரு வங்கியான டிஎஸ்பியின் கதை இன்னும் கனமானது. 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் 52 லட்சம் வாடிக்கையாளரின் கணக்குகளை லாயிட்ஸ் வங்கியின் பழைய அமைப்பிலிருந்து புதிய தளத்துக்கு மாற்றினார்கள். அது பொது கிளவுட் அல்ல, இரண்டு தரவு மையங்களில் அமைந்த தளம். ஆனால் பளு தாங்குமா என்ற சோதனையை ஒரு மையத்தில் மட்டுமே செய்திருந்தார்கள். திங்கட்கிழமை மக்களால் உள்நுழைய முடியவில்லை. நிலைமை முழுமையாகச் சீராக டிசம்பர் வரை ஆனது. தலைமை அதிகாரி பதவி விலகினார்; 2022-இல் 4 கோடியே 86.5 லட்சம் பவுண்டு அபராதம் வந்தது. சம்பளமும் வாடகையும் சிக்கிக்கொண்டவர்களின் அந்த மாதங்களை எந்த அபராதம் ஈடுசெய்யும்?

கிளவுடில் முழுமையாக இறங்கிய வங்கிக்கு அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் நல்ல எடுத்துக்காட்டு. 2020-இல் தன் கடைசித் தரவு மையத்தையும் மூடிவிட்டது. பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுதான், தவறாக அமைத்திருந்த ஒரு பாதுகாப்புச் சுவர் (ஃபயர்வால்) வழியே சுமார் 10.6 கோடி பேரின் தகவல் திருடுபோனது. 8 கோடி டாலர் அபராதம் விழுந்தது கிளவுட் நிறுவனத்தின் மீது அல்ல, வங்கியின் மீது. கிளவுடுக்குப் போகும் முன்பே ஆபத்தைச் சரியாக மதிப்பிடவில்லை என்பதே அமெரிக்க வங்கிக் கட்டுப்பாட்டு அமைப்பு சொன்ன காரணம். இந்திய ரிசர்வ் வங்கியும் 2023 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதையே சொன்னது: வேலையை வெளியே கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க முடியாது. நம் வங்கிகள் பலவற்றின் மையக் கணக்கு மென்பொருள் மெயின்பிரேமில் இல்லை, யூனிக்ஸ், லினக்ஸ் சர்வர்களில் ஓடுகிறது. அதனால் இது அமெரிக்கர்களின் கவலை என்று நினைத்துவிட வேண்டாம். எந்த இயந்திரத்திலிருந்து எதற்கு மாறினாலும் அந்த ஒரு சென்ட் காத்திருக்கும்.

என்னிடம் கேட்கும் வங்கி அதிகாரிகளுக்கு நான் சொல்வது இதுதான். செல்பேசிச் செயலி, மோசடியைக் கண்டறியும் பகுப்பாய்வு, சோதனைச் சூழல் ஆகியவற்றைத் தயங்காமல் கிளவுடுக்குக் கொண்டுபோங்கள். திடீரென்று கூடிக் குறையும் வேலைகளுக்கு அது பொருத்தமான இடம். வாடிக்கையாளரின் இருப்பும் வரவுசெலவும் பதிவாகும் கணக்கேட்டைத் தொடும் முன், ஆண்டுக் கடைசி உட்பட மாதக் கடைசிகள் மூன்றையாவது பழையது, புதியது இரண்டிலும் இணையாக ஓட்டி, கடைசிக் காசு வரை பொருத்திப் பாருங்கள். ஓய்வுபெறப் போகும் நிரலாளரை வழியனுப்பும் முன் அவர் பக்கத்தில் ஓர் இளைஞரை ஆறு மாதம் உட்காரவையுங்கள்.

வாடிக்கையாளருக்கும் வேலை உண்டு. "இந்த வார இறுதியில் அமைப்பு மேம்படுத்தப்படுகிறது" என்று உங்கள் வங்கியிலிருந்து செய்தி வந்தால், அதற்கு முன் கணக்கு அறிக்கையை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் செலவுக்குக் கையில் பணம் இருக்கட்டும். திங்கட்கிழமை இருப்பையும், தானாகக் கழியும் தவணைகளையும், நிரந்தர வைப்பின் முதிர்வுத் தேதியையும் சரிபாருங்கள். அடுத்த வட்டி வரவானதும் ஒருமுறை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். வித்தியாசம் ஒரு ரூபாய்தான் என்றாலும் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாள்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.