தொல்படிவம்: ஒரு சொல்லும் பேகூர்க் கல்லும்

‘ஆர்க்கிடைப்’ என்ற சொல்லைத் தமிழில் தொல்படிவம், மூலப்படிமம், ஆழ்படிமம் எனப் பலவாறாக எழுதுகிறார்கள். எது பொருந்தும் என்பதை அதன் வேரே காட்டிவிடுகிறது. கிரேக்கத்தில் ‘ஆர்க்கே’ என்பது தொடக்கம். ‘டூப்பொஸ்’ என்பது அடி விழுந்து பதிந்த தடம், அதன் வழியே அச்சு. ஆகவே, பின்வரும் வார்ப்புகளுக்கெல்லாம் மூலமான முதல் அச்சு என்பதே சொற்பொருள். 1919இல் இச்சொல்லை உளவியலுக்குள் கொண்டுவந்த சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங், அச்சு மனித இனத்துக்குப் பொது, அதில் வார்க்கப்படும் உருவமோ அந்தந்தப் பண்பாட்டுக்கு உரியது என்று பின்னாளில் தெளிவுபடுத்தினார். எனவே அச்சைத் தொல்படிவம் என்றும், அதில் தோன்றும் உருவத்தைப் படிமம் என்றும் பிரித்து எழுதுவதே சரி என்பது என் துணிபு. தொன்மம் என்ற சொல்லை இங்கே கலக்கக் கூடாது. அது கதையைக் குறிப்பது.

பெங்களூரில் வாழும் நமக்கு, மாண்டவனுக்குக் கல் நடும் அத்தகைய ஓர் அச்சின் சான்று பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள ஒரு வீரகல் கல்வெட்டில் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த அக்கல்வெட்டு, ‘பெங்களூருப் போரில்’ மாண்ட ஒருவனைக் குறிக்கிறது. இந்நகரின் பெயரைத் தாங்கிய மிகப் பழைய சான்றாக அறியப்படுவது அதுவே. இத்தனை பெரிய நகரத்தின் பெயர் ஓர் இழப்பின் நினைவோடு சேர்ந்தே நமக்குக் கிடைத்திருக்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது.

கன்னடத்தார் வீரகல்லு என்பதை நாம் நடுகல் என்கிறோம். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியம் அதற்கு ஆறு நிலைகளைச் சொல்கிறது. கல்லைத் தேர்வதும், நீராட்டுவதும், நட்டுப் படையலிட்டு வாழ்த்துவதும் ஊர் கூடிச் செய்யும் செயல்கள். துயரம் ஒரு வீட்டுக்குள் அடைபட்டுப் புழுங்காமல் எல்லோருக்கும் உரியதாகிறது. ஆநிரை மீட்டு மாண்டவனின் கல்லைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, பிறருக்காக நிற்பது என்ன என்பதைத் தனியே போதிக்க வேண்டியதில்லை.

இதே அச்சில்தான் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம், போரில் விழாத ஒரு பெண்ணை வார்த்தது. மதுரையை எரித்த கண்ணகிக்குக் கல் எடுத்து, நீராட்டி, நட்டு, வாழ்த்திய பிறகு, அவள் வாயிலிருந்து ‘தென்னவன் தீதிலன்’ (பாண்டியன் குற்றமற்றவன்) என்ற சொல் வருகிறது. தன் கணவனைக் கொல்வித்த அரசனுக்குத் தன்னை மகள் என்றும் சொல்லிக்கொள்கிறாள். படிமம் மாறியும் தொல்படிவம் நின்று வேலை செய்வதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

நடுகல் தரும் அந்தப் பொதுத் துயரம் கிட்டாதபோது என்ன ஆகிறது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்கு மருத்துவம் செய்த அமெரிக்க மனநல மருத்துவர் ஜோனதன் ஷே, 1994இல் வெளியிட்ட நூலில், தோழனை இழந்த கிரேக்கக் காவிய வீரன் அக்கிலீசின் துயரத்தோடு அவர்களுடைய துயரத்தை வைத்துப் பார்த்தார். மாண்டவர்களுக்காகக் கூடி அழ அவர்களுக்கு இடமும் நேரமும் கிடைக்காமற்போனதே புண் ஆறாமைக்கு ஒரு காரணம் என்று அவர் எழுதினார்.