விரையில் வெள்ளைப் பொட்டுகள்: அறிக்கையின் அந்த ஒரு வரி

விரைப்பை வீங்கியிருக்கிறது என்று பையனுக்கு ஸ்கேன் எடுக்கிறார்கள். வெறும் நீர் கோத்ததுதான் என்று தெரிந்துவிடுகிறது. ஆனால் அறிக்கையில் ‘மைக்ரோலித்தியாசிஸ்’ (விரைக்குள் நுண்ணிய கால்சியப் பொட்டுகள்) என்று கூடுதலாக ஒரு வரி. பெற்றோரின் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான்.

விரைக்குள் நூல்போல் சுருண்டு கிடக்கும் நுண்குழல்களில் செல்கள் உதிர்வது இயல்பு. உதிர்ந்ததை விழுங்கி அப்புறப்படுத்துவது அங்குள்ள செர்டோலி செல்கள். அந்த வேலை சரியாக நடக்காத இடத்தில் மிச்சத்தின்மேல் கால்சியம் அடுக்கடுக்காகப் படிகிறது என்பதே பரவலான விளக்கம். கால்சியம் ஒலியலையைத் திருப்பியடிப்பதால் திரையில் வெள்ளைப் பொட்டுகள் தெரிகின்றன. ஒவ்வொன்றும் 3 மி.மீ.க்குக் குறைவு, பின்னால் நிழல் விழாது. ஒரே படத்தில் 5 பொட்டுகளாவது இருந்தால்தான் வழக்கமாக இந்தப் பெயர். நிழல் விழும் பெரிய திட்டு வேறு. அதைத் தனியாக ஆராய வேண்டும்.

புற்றுநோய்ப் பயம் எங்கிருந்து வந்தது? கட்டி வந்த விரைகளில் இந்தப் பொட்டுகள் அடிக்கடி தென்பட்டன. பொட்டே கட்டியாக மாறுகிறது என்று இதற்குப் பொருளல்ல. சரியாக வளராத விரையில் இரண்டும் தோன்றக்கூடும். ஆகவே பொட்டுகளை எண்ணுவதைவிடப் பையனின் உடல்நல வரலாற்றையும் குடும்ப வரலாற்றையும் கேட்பதே முக்கியம். விரை பைக்குள் இறங்காமல் இருந்ததா (அறுவை செய்து இறக்கியிருந்தாலும் கணக்குதான்), முன்பு கட்டி வந்ததா, அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ விரைப் புற்று உண்டா, விரை சுருங்கியிருக்கிறதா? பெரியவர்களுக்கு விரையின் கன அளவு 12 மி.லி.க்குக் கீழே போனால் சுருக்கம் என்பார்கள். அந்த அளவுகோலைச் சிறுவனிடம் வைக்கக்கூடாது. பருவமடைதல் தொடங்குவதே 4 மி.லி. அளவில்தான்.

இவற்றில் ஒன்று இருந்தால் ஆண்டுக்கொரு ஸ்கேன், 55 வயதுவரை என்கிறது ஐரோப்பிய யூரோஜெனிட்டல் ரேடியாலஜி சங்கத்தின் 2015 வழிகாட்டி. எதுவும் இல்லையென்றால் தொடர் ஸ்கேன் தேவையில்லை, பயாப்ஸியும் (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) வேண்டாம். பயத்துக்காக ஆறு மாதத்துக்கொருமுறை ஸ்கேன் எடுப்பது பையனை நோயாளியாக்கிவிடும். கட்டிக்கான ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான்: அதில் அளக்கும் ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் என்ற புரதம் பச்சிளங்குழந்தைக்கு இயல்பாகவே அதிகம், பார்த்துப் பதற நேரும்.

பருவ வயதில் அவனுக்கே கற்றுக்கொடுங்கள். மாதம் ஒருமுறை, வெந்நீர்க் குளியலுக்குப் பின், ஒவ்வொரு விரையாகக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே மெல்ல உருட்டிப் பார்க்க வேண்டும். பின்புறம் தட்டுப்படும் மெத்தென்ற கயிறுபோன்ற பகுதி இயல்பானது. வலியில்லாத கெட்டிக் கட்டியோ ஒரு பக்கம் பெருத்தோ இருந்தால் சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

திடீரென்று கடும் வலி, கூடவே வாந்தி என்றால் அது பொட்டுகளின் வேலையல்ல. விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம், உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். சுமார் 6 மணி நேரத்துக்குள் முறுக்கைப் பிரித்தால்தான் விரை பிழைக்க நல்ல வாய்ப்பு.