‘ஆன்’ தேய்ந்து ‘எ’ ஆன கதை

பள்ளியில் ஆங்கிலம் படித்தவர்களுக்கு இந்தச் சூத்திரம் மனப்பாடம். ஏ, ஈ, ஐ, ஓ, யு என்ற ஐந்து எழுத்துகளில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ‘ஆன்’, மற்றதற்கெல்லாம் ‘எ’. ‘ஆன் ஆப்பிள்’, ‘எ பென்’. சரி, ‘யூனிவர்சிட்டி’யும் யு எழுத்தில்தானே தொடங்குகிறது, அதற்கு ஏன் ‘எ’? மணிநேரத்தைக் குறிக்கும் ‘அவர்’ என்ற சொல்லை ஹெச் போட்டுத்தான் எழுதுகிறோம், அதற்கு எதற்கு ‘ஆன்’?

விதிவிலக்கு என்று சொல்லித்தான் பெரும்பாலும் சமாளிக்கிறார்கள். விதியைச் சொன்ன விதம்தான் தப்பு. எழுத்துக்கு இங்கே வேலையே இல்லை. காதில் விழும் முதல் ஒலிதான் கணக்கு. ‘யூனிவர்சிட்டி’ யகர மெய்யில் தொடங்குகிறது, அதனால் ‘எ’. ‘அவர்’ என்பதில் ஹெச் ஒலிப்பதே இல்லை, அதனால் ‘ஆன்’. எம்.பி.ஏ. படிப்பின் முதல் எழுத்து மெய்தான். வாயில் வருவதோ ‘எம்’ என்று எகரம். ஆகவே ‘ஆன் எம்.பி.ஏ.’.

நம் நாக்குக்கு இதில் ஒரு வம்பு உண்டு. ‘எலி’யைப் பேச்சில் பலர் ‘யெலி’ என்பார்கள். அதே பழக்கத்தில் ‘யெம்.பி.ஏ.’ என்றால் காது மெய்யைக் கேட்டு ‘எ’ போடச் சொல்லும். காதை நம்பலாம், ஆனால் ஆங்கிலக்காரரின் காதாக இருக்க வேண்டும்.

ஏன் இந்த ஏற்பாடு? இரண்டு உயிரொலிகள் நேருக்கு நேர் மோதினால் வாய் தடுமாறும். ‘எ ஆப்பிள்’ என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், நடுவில் தொண்டை ஒரு கணம் அடைத்துத் திறக்கும். தமிழும் இதை விரும்புவதில்லை. மணி + அடித்தது என்பதில் யகரத்தை நுழைத்து ‘மணியடித்தது’ ஆக்குகிறோம். உயிருக்கு முன் ‘ஓர் ஊர்’, மெய்க்கு முன் ‘ஒரு வீடு’ என்பதும் இதே சங்கதிதான்: ‘ஓர்’ என்பதன் கடைசி மெய் அடுத்த உயிரைத் தாங்கிக்கொள்கிறது.

வரலாற்றைப் பார்த்தால் சூத்திரம் தலைகீழாகவே இருக்கிறது. ‘எ’யோடு ஓர் ‘ன்’ சேர்ந்து ‘ஆன்’ வரவில்லை. சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் ஒன்று என்ற எண்ணுக்கே ‘ஆன்’ என்றுதான் பெயர். எண் என்ற அழுத்தம் போய், வெறுமனே ‘ஏதோ ஒரு’ என்ற பொருளில் புழங்கத் தொடங்கியதும் அது தேய்ந்தது. மெய்யொலிக்கு முன்னால் ‘ன்’ உதிர்ந்து ‘எ’ ஆனது. உயிருக்கு முன்னால் மட்டும் பிழைத்துக்கொண்டது. ‘என்’ என்று பொருள்படும் ‘மை’க்கும் ஒரு காலத்தில் இதே நிலைமை. 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் கண்களைச் சொல்லும்போது ‘மைன் ஐஸ்’ என்று வரும்.

இந்த ‘ன்’ யாருடையது என்பதில் குழப்பமும் நேர்ந்தது. சமைக்கும்போது உடைமேல் கட்டிக்கொள்ளும் ‘ஏப்ரன்’ முதலில் ‘நேப்ரன்’. ‘எ நேப்ரன்’ என்பது காதில் ‘ஆன் ஏப்ரன்’ என்று விழ, சொல் தன் தலையை இழந்தது. கிரிக்கெட் அம்பயரும் அப்படித்தான். பழைய பிரெஞ்சிலிருந்து வந்தபோது அவர் பெயர் ‘ந்’ என்ற ஒலியில் தொடங்கியது. ஜோடி சேராதவர், அதாவது இரு தரப்பிலும் சேராத மூன்றாம் ஆள் என்று பொருள். எதிர்த்திசையிலும் நடந்தது. கூடுதல் பெயர் என்ற பொருளில் இருந்த ‘ஈக்நேம்’, ‘ஆன்’னின் வாலைப் பிடுங்கிக்கொண்டு ‘நிக்நேம்’ ஆகிவிட்டது.

அழுத்தத்தை இழக்காத பழைய ‘ஆன்’ என்ன ஆனது? அதுதான் இன்றைய ‘ஒன்’. பின்னாளில் முன்னால் ஒரு வகரம் ஒட்டிக்கொண்டு ‘வன்’ என்று ஒலிக்கிறது. ‘ஒண்ணு’ நம் வாயில் ‘வொண்ணு’ ஆவது மாதிரி. ‘ஒன்லி’, ‘அலோன்’ போன்ற சொற்களில் மட்டும் வகரம் ஒட்டாத ஒலி அப்படியே தங்கிவிட்டது.

‘ஒன்’ என்பது ஒரு பெயர்ச்சொல்லுக்குப் பதிலாகவும் வரும். ‘இட்’டோடு அதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். பேனா இல்லை, ஒன்று வாங்க வேண்டும்: இங்கே ‘ஒன்’, எந்தப் பேனாவானாலும் சரி. பேனா வாங்கினேன், அது ஒழுகுகிறது: இங்கே ‘இட்’, கையில் இருக்கும் அதே பேனா. ‘எ’ ஒரு பொருளைப் பேச்சுக்குள் கூட்டி வருகிறது. அப்புறம் அதே பொருளைச் சுட்டுவது ‘இட்’.

‘இட்’டும் தேய்ந்துபோன சொல்தான். பழைய ஆங்கிலத்தில் அது ‘ஹிட்’. ‘அவனை’ என்று பொருள்படும் ‘ஹிம்’ இப்போது அதே பாதையில் இருக்கிறது. அவனிடம் சொல் என்பதை வேகமாகப் பேசும்போது ‘டெல் இம்’ என்றுதான் சொல்கிறார்கள். எழுதும்போது மட்டும் ஹெச் இன்னும் இருக்கிறது.