ரத்த வகையும் உணவும்: திரிந்த சொட்டு சொல்வது என்ன?

கண்ணாடித் தகட்டில் ஏ வகை ரத்தத்தை இரண்டு சொட்டுகளாக வைத்து, ஒன்றில் ஏ-க்கான எதிர்ப்பொருளையும் மற்றதில் பி-க்கான எதிர்ப்பொருளையும் விட்டுக் கலக்கினால், சில நொடிகளில் முதல் சொட்டு மட்டும் திரிந்த பாலைப் போலத் திப்பிதிப்பியாகப் பிரிவதைக் காணலாம். சிவப்பணுக்களின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளின் முனை வேறுபாடே இதற்குக் காரணம். கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் 1901-இல் இந்த வகைகளை வியன்னாவில் விளக்கினார்.

1996-இல் பீட்டர் டி'ஆடமோ என்ற அமெரிக்க இயற்கை மருத்துவர், ஓ வகையினருக்கு இறைச்சியும் ஏ வகையினருக்குச் சைவமும் பி வகையினருக்குப் பாலும் ஏற்றவை என்று எழுதினார். பொருந்தாத உணவிலுள்ள லெக்டின் என்னும் புரதம் உடலுக்குள் அணுக்களைத் திரியச் செய்யும் என்பது அவருடைய வாதம். லெக்டின் கற்பனையன்று. நம் ஊரில் டபுள் பீன்ஸ் என்று விற்கப்படும் லைமா அவரையின் சாறு ஏ வகை அணுக்களை மட்டும் திரிப்பதை வில்லியம் பாய்ட் 1940-களிலேயே கண்டார். ஆயினும் உணவுப் பொருள்களிலுள்ள லெக்டின்களில் பெரும்பாலானவை ரத்த வகை பார்ப்பதில்லை. ராஜ்மாவின் லெக்டின் எல்லா வகை அணுக்களையும் திரிக்கும். அதையும், இரவில் ஊறவைத்து நீரை வடித்துவிட்டுப் புதுநீரில் நன்கு கொதிக்கவிட்டால், பெரும்பாலும் அழித்துவிடலாம்.

ஓ வகைதான் வேட்டையாடிய ஆதிமனிதரின் வகை, அதனால்தான் அதற்கு இறைச்சி என்ற அவருடைய கதையும் நிற்கவில்லை. ஏ வகை மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டுச் செயலிழந்ததன் விளைவே பெரும்பாலான ஓ வகை; அதாவது, ஏ-க்குப் பின் வந்ததே ஓ.

அப்படியானால் இந்த உணவுமுறையால் பயன் கிடைத்ததாகச் சொல்பவர்கள் பொய்யா சொல்கிறார்கள்? இல்லை. டொரண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,455 பேரை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட முடிவு இதைத் தெளிவாக்குகிறது: காய்கறியும் பழமும் மிகுந்த 'ஏ வகை உணவை' ஒட்டி உண்டவர்களுக்கு இடுப்புச் சுற்றளவும் ரத்த அழுத்தமும் குறைவாக இருந்தன, ஆனால் அந்தத் தொடர்பு அவரவர் ரத்த வகையைப் பொறுத்து மாறவில்லை.

ரத்த வகைக்கும் நோய்க்கும் உண்மையான தொடர்புகள் உண்டு. ஓ வகையினரிடம் ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்டு காரணி ஏறத்தாழ 25 சதவீதம் குறைவு. காலரா வந்தால் அவர்களைக் கடுமையாகத் தாக்கும். இவற்றுள் எதுவும் உணவுப் பட்டியலாக மாறாது. எனக்குக் கவலை தருவது வேறு: சிறுநீரகம் பழுதுபட்டு, புரதத்தைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கும் ஓ வகைக்காரர் ஒருவர் இப்பட்டியலை நம்பித் தினமும் இறைச்சி உண்ணத் தொடங்கினால், ஏற்கெனவே தளர்ந்த உறுப்பின் மீதுதான் அந்தச் சுமை ஏறும்.