ஹாரன் அடிக்கலன்னா உடனே புது ஹாரன் வாங்காதீங்க

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இன்னும் அம்பாசடர், பத்மினி காரு வச்சிருக்கறவங்க இருக்காங்க. அப்பா ஓட்டுன வண்டின்னு விக்க மனசு வராம தார்பாய் போட்டு மூடி வச்சிட்டு பொங்கலுக்கும் ஆடிக் கிருத்திகைக்கும் மட்டும் வெளிய எடுப்பாங்க. அப்பதான் ஹாரன் அடிக்கலன்னு தெரியும். உடனே புதுசா ஒரு ஜோடி வாங்கிக்கினு எங்ககிட்ட வந்து "ணா, இத மாட்டிக் குடுங்க"ம்பாங்க. மாட்டுனா அதுவும் அடிக்காது. கழட்டிப் போட்ட பழைய ஹாரனை நேரா பேட்டரில வச்சா தெரு அதிர அடிக்கும். எலக்ட்ரீசியன் வேலைல அடிக்கடி பாக்கற கூத்து இது.

வீட்ல சுவிட்ச் போட்டா கரண்ட் போய் லைட் எரியுது, காரும் அப்டித்தான்னு எல்லாரும் நெனைக்கறாங்க. பழைய வண்டிங்க நெறையத்துல ஹாரனுக்கு ஃப்யூஸ் வழியா கரண்ட் எப்பவுமே வந்து நிக்கும், சாவி போடலன்னாலும் நிக்கும். ஸ்டீயரிங்ல நீங்க அமுக்கற பட்டன் குடுக்கறது எர்த்து, அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பற வழி. அந்த எர்த்து ஒயர் ஹாரன்லருந்து கிளம்பி ஸ்டீயரிங் குழாய் வழியா பட்டனுக்கு வந்து, பட்டன்லருந்து பாடிக்குப் போயி, பாடிலருந்து பேட்டரிக்குத் திரும்பணும். இதுல எங்க துரு புடிச்சாலும் ஹாரன் வாயைத் தொறக்காது, பழி மட்டும் ஹாரன் மேல.

இன்னொரு ஏமாத்து வேலை டெஸ்டர். டெஸ்டர் எரியுது, மீட்டர்ல 12 வோல்ட் காட்டுது, அப்ப ஒயர் நல்லாதான் இருக்குன்னு முடிவு பண்ணிடறாங்க. டெஸ்டருக்குக் கரண்ட் கொஞ்சூண்டு போதும், இத்துப்போன ஒயர்ல ஒரே ஒரு நரம்பு மிச்சம் இருந்தாக்கூட எரியும். ஹாரன் ஒண்ணுக்கே சுமாரா 4, 5 ஆம்பியர் வேணும், ஜோடின்னா 10 வரைக்கும் போகும், அத அந்த ஒத்த நரம்பு எப்படித் தாங்கும்.

அதனால நான் பண்றது இதுதான். ஹாரன்லருந்து ரெண்டு ஒயரையும் உருவிட்டு அந்த ரெண்டுக்கும் நடுவுல பழைய ஹெட்லைட் பல்பு ஒண்ணு மாட்டுவேன். 55 வாட் பல்பு கிட்டத்தட்ட ஒரு ஹாரன் இழுக்கற கரண்டையே இழுக்கும். பையனை உள்ள உக்கார வச்சி பட்டனை அமுக்கிப் புடிக்கச் சொல்லணும். பல்பு பளிச்சுன்னு எரிஞ்சா ஒயரிங் ஓகே, கோளாறு ஹாரன்லதான். மங்கலா செவப்பா எரிஞ்சா ஒயரிங்ல கோளாறு. அப்ப பட்டன் பக்கம் போற ஒயரை பல்புலருந்து எடுத்துட்டு அந்தக் காலை நேரா பாடில நல்லா சொரண்டுன எடத்துல வைங்க. இப்ப பளிச்சுன்னு வந்தா பட்டன், ஸ்டீயரிங் பக்கம் எர்த்து போச்சு. அப்பவும் மங்கல்னா ஃப்யூஸ் பெட்டிலருந்து வர்ற ஒயரைப் பாருங்க, பேட்டரிலருந்து பாடிக்கு வர்ற பட்டை எர்த்தையும் ஒரு தடவ கழட்டி உப்புத்தாள் போட்டு மாட்டுங்க. மீட்டரே தேவையில்ல, ஹாரன் அடிக்கும்போது உள்ள இருக்கற பாயிண்ட், அதாவது கரண்டை விட்டு விட்டுத் தர்ற சின்ன சுவிட்ச், தொறந்து மூடறதால மீட்டர்ல முள்ளு ஒரு எடத்துல நிக்காது.

ஃப்யூஸ் பெட்டில கிளிப் பச்சை பூத்திருந்தா ஃப்யூஸ் நல்லாயிருந்தும் புண்ணியமில்ல. தோல் பதப்படுத்தற ஷாப் பக்கம் நிக்கற வண்டிங்கள்ல ஒயர் தோலை உரிச்சா உள்ள செம்பு கருப்பா இருக்கும், சல்ஃபைடு காத்து பட்டா செம்பு அப்படித்தான் ஆகும். கருத்த ஒயர்ல சால்டர் புடிக்காது, பளபளன்னு செம்பு வர்ற வரைக்கும் வெட்டித் தள்ளிட்டுப் புது திம்பிள், அதாவது ஒயர் நுனில அமுக்கற முனை, போடுங்க.

ஹாரன்லயே கோளாறுன்னா காது குடுத்துக் கேளுங்க. டிக்குன்னு ஒரு சத்தம் மட்டும் வந்தா காந்தம் இழுக்குது, பாயிண்ட் செட்டிங் போயிருக்கு. பின்னாடி இருக்கற ஸ்க்ரூவைக் கால் சுத்து, கால் சுத்தா திருப்பிப் பாக்கணும், ஜோடில இன்னொரு ஹாரனோட ஒயரைக் கழட்டிட்டுத்தான். நத்தை மாதிரி இருக்கற ஹாரனா இருந்தா வாயில குச்சி விட்டுப் பாருங்க, நின்ன வண்டில குளவி கூடு கட்டியிருக்கும்.

அதுக்கப்புறமும் புதுசு வேணும்னா ரெண்டு டெர்மினல் உள்ளதா கேட்டு வாங்குங்க. ஒத்த டெர்மினல் ஹாரன் பிராக்கெட் வழியா பாடில எர்த்து எடுத்துக்கும், இந்த வண்டில கரண்ட் எப்பவும் நிக்கறதால மாட்டுன நிமிஷமே அலற ஆரம்பிச்சிடும். ரிலே, அதாவது பட்டன்லருந்து வர்ற கொஞ்சூண்டு கரண்ட்ல ஹாரனோட பெரிய கரண்டைப் போடற சுவிட்ச், வைக்கறது நல்லதுதான், பட்டன்ல பாயிண்ட் கருகாது. ரிலே கால்ல நம்பர் போட்டிருக்கும்: 30க்கு பேட்டரிலருந்து 15 ஆம்பியர் ஃப்யூஸோட, 87லருந்து ஹாரனுக்கு, ஹாரனோட இன்னொரு காலு பாடில எர்த்து, 86க்குக் கரண்ட், 85 பட்டனுக்கு. அவ்ளோதான். இஞ்சின் வேகமா சுத்துனாதான் நல்லா கரண்ட் தர்ற டைனமோ வண்டின்னா ஸ்லோவுல நிக்கும்போது ஹாரன் கம்முனா பயப்படாதீங்க, ஆக்சிலேட்டர் குடுத்துப் பாருங்க.

பல ராகம் பாடற மல்டி டோன் ஹாரன் வேணாம், சொல்லிட்டேன். 1989 மோட்டார் வாகன விதி 119ல அது கூடாது. ஆஸ்பத்திரியைச் சுத்தி குறைஞ்சது 100 மீட்டரை சைலன்ஸ் ஜோன்னு அரசு அறிவிக்கலாம். தேவையில்லாம அடிச்சா முதல் தடவ 1000 ரூபா ஃபைன். ஏலகிரி ஏறும்போது 14 கொண்டை ஊசி வளைவுலயும் அடிச்சே ஆகணும், அதுக்கு கம்பெனி ஹாரனே தாராளம்.

ஸ்டீயரிங் திருப்பும்போது ஹாரன் தானா அடிக்குதுன்னா குழாய்க்குள்ள ஒயர் தேஞ்சி பாடில படுது. பட்டன் பக்கம் பட்டா ஃப்யூஸ் போகாது, அடிச்சிக்கினே இருக்கும். கரண்ட் பக்க ஒயர் பாடில பட்டாதான் ஃப்யூஸ் போகும், அங்க ஃப்யூஸுக்குப் பதிலா சிகரெட் பேப்பரோ தடி செம்புக் கம்பியோ சுத்தி வச்சிருந்தா டேஷ்போர்டுக்குக் கீழ ஒயரே எரியும். ராத்திரில நடுரோட்ல ஹாரன் நிக்காம அலறுனா ஹாரன் ஒயரைப் புடுங்கப் போகாதீங்க, கரண்ட் ஒயர் பாடில பட்டுப் பொறி பறக்கும். மொதல்ல ஃப்யூஸை உருவுங்க. சில வண்டில உள் லைட்டும் அதே ஃப்யூஸ்லதான், அதுவும் சேந்து அணையும், கைல ஒரு டார்ச் வச்சிக்கோங்க.