டூமா: உக்ரைன் பாட்டுக்கு நம்ம சொல் எது?

டூமான்னாலே நமக்கு நியூஸ்ல வர்ற ரஷ்ய நாடாளுமன்றம்தான் ஞாபகம் வரும், ஆனா உக்ரைன்ல அதே பேர்ல ஒரு பாட்டு வகை இருக்கு, கண் தெரியாத பாணர்கள் கோப்ஸா, பந்தூரா, லீரான்னு ஏதாவது ஒரு வாத்தியத்த வாசிச்சுக்கிட்டே பாடின கோசாக் வீரர்களோட கதை (கோசாக்னா அந்தக் காலத்து உக்ரைன் போர்வீரர் கூட்டம்). ரெண்டு டூமாவுக்கும் வேர் ஒண்ணுதான், அந்த மொழிகள்ல டூமான்னா எண்ணம், யோசனை. அதனால அது கூடி யோசிக்கிற சபை, இது நினைச்சு உருகிப் பாடுற பாட்டு.

பாடினவங்க இத பெரும்பாலும் 'கோசாக் பாட்டு'ன்னுதான் சொல்லியிருக்காங்க, டூமாங்கிறத ஒரு இலக்கிய வகையோட பேரா நிலைக்க வச்சது 19ஆம் நூற்றாண்டு அறிஞர் மக்சிமோவிச்.

அப்ப தமிழ்ல என்னன்னு சொல்றது? 'எண்ணப்பாட்டு'ன்னு வேரை மட்டும் பாத்து மாத்தினா உயிரே போயிடும். 'கதைப்பாடல்' பரவால்ல, ஆனா அதுலயும் ஒண்ணு விட்டுப்போகுது, அது என்னன்னு காட்டினவர் உக்ரைன் நாட்டுப்புற இசை ஆய்வாளர் ஃபிலாரெட் கோலெஸ்ஸா (1871–1947). வியன்னாவுல படிச்சவர், பள்ளிக்கூட வாத்தியார், பிற்பாடு லிவிவ் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1908ல உக்ரைன்ல இருக்கிற மிர்ஹொரோத் ஊர்ப் பக்கம் போய் மிகைலோ கிராவ்சென்கோ மாதிரி பாணர்கள ஃபோனோகிராஃப் முன்னாடி பாட வச்சு மெழுகு உருளையில பதிவு பண்ணினார். செலவுக்குப் பணம் குடுத்தது கவிஞர் லேஸ்யா உக்ரைன்கா, தன் பேர் வெளிய தெரியக்கூடாதுன்னே குடுத்தாங்க. ஒரு உருளையில ரெண்டு மூணு நிமிஷம்தான் அடங்கும், டூமாவோ ரொம்ப நீளம், அத திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு ஒவ்வொரு இழுப்பையும் ஸ்வரமா எழுதி 1910லயும் 1913லயும் புத்தகமா கொண்டுவந்தார். அந்தப் பொறுமைய நினைச்சா எனக்கு இன்னைக்கும் மலைப்பா இருக்கு.

அப்படிக் கேட்டதுலதான் அவருக்குப் பிடிபட்டது, டூமாவுல சம அளவான அடி கிடையாது, ஒரு வரி குட்டியா நிக்கும், அடுத்தது மூச்சு முட்ட நீளும், ஆரம்பத்துல 'ஓய்'னு ஒரு கூப்பாடு. இது சாவு வீட்ல பொம்பளைங்க அழுது பாடுற பாட்டோட நடைன்னு அவர் சொன்னார். மருசியா பொகுஸ்லாவ்காங்கிற பொண்ணு சிறைப்பட்ட கோசாக்குகள விடுவிக்கிற டூமாவ எடுத்துக்குங்க, கருங்கடல்ல வெள்ளைப் பாறை மேல ஒரு கல் சிறை, உள்ள 700 கோசாக்குகள், 30 வருஷமா சூரியன கண்ணால பாக்கல. விடுதலை பின்னாடிதான், முதல்ல கேக்கிறது அழுகை.

நம்ம ஒப்பாரியும் இதுக்கு ரொம்பக் கிட்டத்துல வரும், ஆனா அப்படியே ஒப்பாரின்னு எழுதினா கோசாக் கதை காணாமப் போயிடும். அதனால என் தேர்வு 'புலம்பல் கதைப்பாட்டு'. முதல் தடவை 'டூமா என்னும் புலம்பல் கதைப்பாட்டு'ன்னு எழுதிட்டு அப்புறம் டூமான்னே விட்டுடலாம், கதைப்பாட்டுக்கு இங்கிலீஷ்ல சொல்ற 'பாலட்'ங்கிறத மட்டும் போடாதீங்க, பாலட் அளவெடுத்த கண்ணி கண்ணியா போகும், டூமா அப்படிப் போகாது.